விழாத சீட்டு

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெலிபோன் அடித்தபோது முருகம்மாள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை தானாக நின்றது. நான்கு மாதத்துக்கு முன்னால் என்றால், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மூன்றே எட்டில் முன்னறைக்குப் போய் ரிசீவரை எடுத்திருப்பாள். இப்போது எடுக்க வேறு ஆள் இருக்கிறாள்.

"ஹலோ, தளவாய் லாரி ஏஜென்சி!"

ஓரகத்தி சண்முகவடிவின் குரல். கொழுந்தன் இசக்கிப்பாண்டிக்குத் தாலி கட்டிய நான்கே மாதத்தில் அந்தக் குரல் பம்பாயின் பாதிக் கம்பெனிகளுக்குப் பழகிவிட்டது. முருகம்மாள் துருவலை அழுத்தித் துருவினாள். சிரட்டை பிளந்தது.

தாராவி மெயின் ரோட்டில் அந்த வீட்டின் முன்னறைதான் ஆபீஸ், பின்னறைகள் குடித்தனம். முருகம்மாளின் புருஷன் தளவாய்க்குச் சொந்தமாக ஒரு லாரிகூடக் கிடையாது. ஆனால் நாற்பத்தோரு லாரிக்காரர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்பூர், பாண்டுப் பக்கத்து ஆலைக்காரர்கள் சரக்கு ஏற்ற வண்டி கேட்பார்கள், அவர் அனுப்பிவைப்பார்.

எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது நாசிக்கிலிருந்து காலியாகத் திரும்புகிறது, எந்த டிரைவருக்கு மலைப்பாதை ஆகாது என்பதெல்லாம் பத்து வருஷமாக முருகம்மாளின் தலைக்குள் இருந்தது. தளவாய் நாற்காலியை விட்டு எழக்கூட மாட்டார். "முருகம்மா, சூரத்துக்கு யாரு இருக்கா?" என்று குரல் கொடுப்பார். அடுப்படியிலிருந்தே பதில் போகும்.

அப்புறம் வடிவு வந்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், மெட்ரிக் படித்தவள். கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஆபீசில் துளை போட்ட சீட்டுகளை மெஷினில் பிரிக்கிற வேலையில் இரண்டு வருஷம் இருந்தவள். மெஷின் இல்லாமலே அந்த வித்தையை இங்கே கொண்டுவந்துவிட்டாள்.

லாரிக்கு ஒரு அட்டைச் சீட்டு. விளிம்பு நெடுக வரிசையாகத் துளைகள். பூனாவுக்கு ஒரு துளை, சூரத்துக்கு ஒன்று, கண்ணாடிச் சாமான் ஏற்றத் தோதான வண்டிக்கு ஒன்று. எந்தத் துளை அந்த லாரிக்குப் பொருந்துமோ அதை மட்டும், ரயில் டிக்கெட்டை வெட்டுகிற மாதிரி, விளிம்புவரை வெட்டிவிடுவாள். சீட்டுக் கட்டை அடுக்கி, பூனாத் துளையில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை நுழைத்துத் தூக்கி ஓர் உலுக்கு உலுக்கினால், பூனா போகிற வண்டிகளின் சீட்டுகள் மட்டும் ஊசியில் தங்காமல் மேஜையில் விழும்.

ஆலைகளுக்கும் அதே மாதிரி இன்னொரு கட்டு. பூனாவுக்குச் சரக்கு கொண்டுபோன வண்டி திரும்பும்போது யாருக்கு என்ன ஏற்றி வரவேண்டும் என்பதை அது சொல்லும். ஒரே போனில் ஆலைக்காரனுக்குப் போக்கும் வரத்தும் முடிந்துவிடும். எல்லாக் கட்டும் மேஜைமேல் ஒரு பெட்டியில் இருக்கும்.

பத்து வருஷம் முருகம்மாள் தலையில் சுமந்தது ஒரே உலுக்கில் மேஜையில் விழுந்தது.

"நம்ம வடிவு மூளையப் பாத்தியளா?" என்று தளவாய் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். அவளுக்கென்று தேக்கில் ஒரு நாற்காலி செய்யக் கொடுத்தார். முருகம்மாள் பத்து வருஷமும் நின்றுகொண்டேதான் போன் பேசியிருந்தாள்.

அந்த நாற்காலிதான் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம், வடிவு ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், டிரைவர் ஜெயினுலாப்தீன் போன் செய்தான். "மைனி, வண்டி காலி. மான்குர்த் டீக்கடையிலதான் நிப்பேன்." ஓடுகிற வண்டிகளின் கட்டிலிருந்து அவன் சீட்டை உருவி, காலி வண்டிகளின் கட்டில் வைக்க வேண்டும். உருவினாள். வைக்கவில்லை. தன் சீலைப் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டாள். அதைத்தான் போன வாரம் பார்த்தோம்.

ஒரே ஒரு தடவை அந்த ஊசி பொய் சொல்லட்டும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது.

"அத்தான்! செம்பூர் பாட்டில் கம்பெனி மேனேஜர் பேசினார்." வடிவின் குரலில் படபடப்பு. "இன்னிக்கே ரெண்டு வண்டி வேணுமாம். பூனா மருந்துக் கம்பெனிக்கு எட்டாயிரம் புட்டி. வரும்போது அட்டைப்பெட்டி ஏத்திட்டு வரணும். இது சரியா நடந்தா இந்த வருஷம் பூரா அவங்க சரக்கு எல்லாத்தையும் நம்ம கையிலயே விட்டுடறாராம். கண்ணாடி காய்ச்ச மணல் வர்றது, சோடா உப்பு வர்றது, புட்டி போறது, எல்லாம்!"

தளவாய் சட்டைப் பித்தானைப் போடாமலே ஓடி வந்தார். "ஊசியப் போடு தாயி!"

முருகம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். வடிவு காலி வண்டிக் கட்டை எடுத்தாள். பூனா, ஓர் உலுக்கு. விழுந்தவற்றை அடுக்கிக் கண்ணாடிச் சாமான், இன்னொரு உலுக்கு.

ஒரு சீட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று.

வடிவு இன்னொரு முறை உலுக்கினாள். வேறெதுவும் விழவில்லை. "ஒரு வண்டிதான் இருக்கு அத்தான்."

தளவாயின் கண் அடுப்படி வாசலுக்குத் திரும்பியது. "முருகம்மா, வேற எவனும் இருக்கானா?"

ஜெயினுலாப்தீனின் வண்டி மான்குர்த்தில் நிற்கிறது. பாட்டில் கம்பெனி வாசலுக்கும் அதற்கும் கால்மணி நேர ஓட்டம். நாக்கு நுனிவரை வந்தது. மேஜைக்குப் பின்னால் அந்தத் தேக்கு நாற்காலி பளபளத்தது.

"என்ட்ட எதுக்குக் கேக்கிய? அதான் சீட்டு சொல்லுதே," என்றாள்.

தளவாய் வடாலாப் பக்கத்து ஏஜெண்ட் ஒருவனைப் பிடித்து, வெளிவண்டி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்.

மத்தியானம்வரை முருகம்மாளுக்கு ஒரு குறுகுறுப்பு. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். வடிவோ ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம்," என்று தட்டை நீட்டினாள். கலங்குவாள், கண்ணைக் கசக்குவாள் என்று காத்திருந்தவளுக்கு அந்த நிதானம் எரிச்சலாக இருந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மடித்த தார்ப்பாய் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு ஜெயினுலாப்தீன் உள்ளே வந்தான். காயல்பட்டினத்துக்காரன், எட்டு வருஷமாக இவர்களோடு ஓட்டுகிறவன். தார்ப்பாயை மூலையில் இறக்கிவைத்தான். உட்காரவில்லை.

"இது ஏஜென்சி தார்ப்பாய் அண்ணாச்சி. ஒப்படைச்சிட்டுப் போகலாம்னு வந்தேன்."

தளவாய் நிமிர்ந்தார். "ஒப்படைக்கவா? என்னலே சொல்லுத? நீ எந்த ஊருல இருந்து வாரே?"

"எந்த ஊரும் போகல. திங்கக்கிழமையில இருந்து மான்குர்த்துலதான் கெடக்கேன். தெனம் காலையில ஆறு மணிக்கு டீக்கடை போன்கிட்டப் போய் உக்காந்துர்றது. ஒரு போன் இல்ல. நானாக் கேக்கவும் மனசு வரல. தப்பு ஏதும் பண்ணியிருந்தா மொகத்துக்கு நேராச் சொல்லிருங்க. எட்டு வருஷப் பழக்கம்."

"தப்பா? நீ ஓட்டத்துல இருக்கன்னுல்லா நெனச்சேன். ஊசியில ஒஞ்சீட்டு விழலயே!"

"சீட்டு விழலன்னா ஆளே இல்லயா அண்ணாச்சி?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதுதான் முருகம்மாளுக்குச் சுருக்கென்றது.

"வீட்டுல நஸீராவுக்கு எட்டு மாசம் ஆவுது," என்றான் அவன். "வண்டி நின்னா வீடு நிக்காது. வேற ஏஜெண்ட் இந்தூர் லைனுக்குக் கூப்பிட்டான். ஆறு மாசம். நேத்து வாக்குக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை கெளம்புறேன்."

நஸீராவின் முதல் பிள்ளைக்கு முருகம்மாள்தான் காப்பு வாங்கிப் போட்டிருந்தாள். இந்த நான்கு நாளில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று ஒரு தரம்கூட அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அவள் கண்ணுக்கு வடிவு ஒருத்திதான் தெரிந்தாள். சீட்டு யாருடையது என்பதே மறந்துபோயிருந்தது.

டெலிபோன் அடித்தது. வடிவு எடுத்துக் கேட்டு, முகம் வெளிறி, அத்தானிடம் நீட்டினாள். மேனேஜர் வேங்கடசுப்ரமணியனின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"என்ன தளவாய், வெளையாடறேளா? ரெண்டாவது வண்டின்னு ஒண்ணை அனுப்பியிருக்கேளே, அதுல வைக்கோலும் இல்லே, மூட ஒரு துணியும் இல்லே. கண்ணாடியை அதுல ஏத்தினா பூனாவுக்குத் தூளாத்தான் போய்ச் சேரும். திருப்பி அனுப்பிட்டேன். நாளைக் காலம்பற மருந்துக் கம்பெனியிலே புட்டி இல்லேன்னா அவா மெஷினை நிறுத்தணும். ஆறு மணிக்கு இங்கே கேட்டை மூடிடுவா. என்ன பண்ணப் போறேள்?"

தளவாய் ரிசீவரும் கையுமாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெயினுலாப்தீன் வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தான். "நாலு நாளா வைக்கோல் விரிச்சு ரெடியாத்தான் நிக்கேன்," என்றான் யாரையும் பார்க்காமல்.

முருகம்மாள் உள்ளே போனாள். சீலைப் பெட்டியைத் திறந்தாள். திரும்பி வந்து சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இத எடுத்தது நாந்தான்," என்றாள். "திங்கக்கிழமை ஜெயினு போன் பண்ணுச்சு. நான் யாருட்டயும் சொல்லல. வடிவு அவமானப்படட்டும்னு எடுத்து ஒளிச்சேன்."

தளவாய் அவளைப் பார்த்த பார்வையை அவள் அதற்கு முன் கண்டதில்லை. அதை வாங்கிக்கொண்டே அவர் கையிலிருந்த ரிசீவரைப் பிடுங்கினாள்.

"ஐயா, நான் தளவாய் வீட்டம்மா பேசுதேன்."

"வீட்டம்மாவா? அந்தப் பொண்ணு வடிவு எங்கே?"

"இங்கதான் இருக்கா. நான் சொல்லுததக் கேளுங்க. ஜெயினுலாப்தீன்னு நம்ம டிரைவர். ஒன்றரை அடிக்கு வைக்கோல் போட்டு, ரெண்டு தார்ப்பாயோட வண்டி வாசல்ல நிக்கி. நாலே காலுக்கு ஒங்ககிட்ட வந்துரும். முன் கேட்டுல வேண்டாம், அந்த மேட்டுல ஏறி எறங்குனா புட்டி முட்டும். பின் கேட்டத் தொறந்து வைங்க. சரக்குச் சீட்டுல புட்டின்னு தெளிவா எழுதச் சொல்லுங்க. போன வாட்டி கண்ணாடின்னு எழுதிட்டாவ, அதுக்கு வரி வேறன்னு நாக்காவுல ரெண்டு மணி நேரம் நிறுத்திட்டான். அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு இன்னைக்கு லீவு. நாளைக்கு எட்டு மணிக்குத் தொறந்த ஒடனே ஏத்துனா, சனிக்கிழமை காலையில பெட்டி ஒங்க கோடவுன்ல இருக்கும்."



"இதெல்லாம் எந்தச் சீட்டுலேம்மா எழுதியிருக்கு?"

"எதுலயும் இல்ல ஐயா."

"சரி. வண்டியை அனுப்பு."

முருகம்மாள் ரிசீவரை வைத்தாள். அவள் வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, ஓட்ட வேண்டியவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஜெயினு, எங்கிட்டக் கோவப்படு. இன்னிக்கு மட்டும் ஓட்டிரு."

அவன் மூலையில் வைத்த தார்ப்பாயைத் திரும்பத் தோளில் ஏற்றினான். "அண்ணாச்சிக்காகப் போறேன். சனிக்கிழமை வந்து இதைத் தந்திருவேன். இந்தூர் வாக்க மாத்த மாட்டேன்." வாசல்படியில் நின்று திரும்பினான். "முன்னல்லாம் தெனம் காலையில நீங்க போன் பண்ணி, 'ஜெயினு, டீ குடிச்சியா'ன்னு கேட்டுட்டுதான் லோடு சொல்லுவீங்க மைனி. நாலு நாளா அந்தக் கொரலுக்குத்தான் காத்துக் கெடந்தேன். நீங்களே எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீங்க."

லாரி புறப்பட்ட சத்தம் மழைக்குள் கரைந்தது.

தளவாய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு வடிவிடம், "நீ மனசுல வைக்காத தாயி. ஒன்மேல ஒரு தப்பும் இல்ல. சீட்டு இல்லாம நீ என்ன பண்ணுவ?" என்றார்.

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவில் ஏதோ ஒன்று முருகம்மாளின் கண்ணில் பட்டது. மத்தியானம் ரசம் கேட்ட நிதானம் நினைவுக்கு வந்தது. நாற்பத்தோரு வண்டியைத் தலையில் வைத்திருந்தவளுக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை.

"வடிவு, தெனம் வெளக்கு வச்சதும் சீட்ட எண்ணித்தான பெட்டியப் பூட்டுவ?"

வடிவு சீட்டுக் கட்டை நேராக அடுக்கினாள்.

"திங்கக்கிழமை எண்ணலயா?"

"எண்ணுனேன்," என்றாள் வடிவு.

"எத்தன இருந்துச்சு?"

"நாப்பது." வடிவு நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. குரல் மட்டும் உடையவில்லை. "நோட்டுல வரிசையா டிக் பண்ணிப் பாத்தேன். இவர் சீட்டு இல்லேன்னு தெரிஞ்சது. யார் எடுத்திருப்பாங்கன்னும் தெரிஞ்சது."

தளவாய் எழுந்துவிட்டார். "தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"ஆமா அத்தான். சொன்னா நீங்க ஒரு சத்தம் போட்டுட்டு விட்டுடுவீங்க. ஏதாவது ஒரு கம்பெனிக்காரர் முன்னாடி அக்கா மாட்டட்டும்னு இருந்தேன்." முருகம்மாள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் சீட்டத்தான் புகழுறாங்க அக்கா. ஆனா ஒவ்வொரு வாட்டி சீட்டு விழுந்ததும் அத்தான் அடுப்படியத்தான் எட்டிப் பாக்கறார், நீங்க தலையாட்டுறீங்களான்னு. இன்னிக்கும் பாத்தார். எங்க வீட்டுக்காரர் சூரத்துக்குக் கெளம்பும்போதுகூட, 'எதுக்கும் மதினிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ'ன்னுதான் சொல்லிட்டுப் போனார். ராத்திரி பகலா உக்காந்து வெட்டுனது நான். நம்பிக்கை மட்டும் உங்க மேல."

முருகம்மாள் திகைத்துப்போனாள். இந்த நான்கு மாதமும் எரிந்தது தன் வயிறு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். அடுப்படியிலிருந்து அவள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், நாற்காலியிலிருந்து ஒருத்தி அடுப்படியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"நல்லா இருக்குட்டி ஒங்க நாயம்," என்றார் தளவாய். "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தன் குடும்பத்தோட நாலு நாள் காஞ்சிருக்கான். ஒருத்திக்கும் அவன் ஞாபகம் வரல. எங்கிட்ட யாரும் பேசாதீங்க." செருப்பைக்கூட மாட்டாமல் வாசல் ஓரத்தில் போய் நின்று மழையைப் பார்த்தார்.

ஆபீசுக்குள் இரண்டு பெண்களும் தனித்து விடப்பட்டார்கள். வடிவு மேஜைமேல் கிடந்த சீட்டை எடுத்து, ஓடுகிற வண்டிகளின் கட்டில் செருகினாள். முருகம்மாள் பிளந்த சிரட்டையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இரண்டு பேருமே இல்லை.

ஐந்தே முக்காலுக்கு மறுபடியும் டெலிபோன் அடித்தது. இரண்டு பேருமே எழுந்தார்கள். ஆனால் தளவாய் உள்ளே பாய்ந்து வந்து எடுத்துவிட்டார்.

"ஏத்தியாச்சு தளவாய்," என்றார் மேனேஜர். குரலில் கோபம் போயிருந்தது. "ரெண்டு வண்டியும் கெளம்பியாச்சு. ஒரு புட்டி ஒடையலே. கான்ட்ராக்டை ஒமக்கே தரேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க சார்."

"உம்ம சீட்டுப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். இங்கே எங்க கேட்டுக்குப் பக்கத்துலே ஒரு ரூமும் போனும் தரேன். உம்ம ஆள் ஒருத்தர் இங்கே உக்காரணும். எது ரெடி, எது ஏறித்து, எந்த வண்டி என்ன கொண்டுவந்ததுன்னு அப்பப்போ உம்ம ஆபீசுக்குச் சொல்லிண்டே இருக்கணும். அதைக் கேட்டுண்டு அவா அங்கே சீட்டைப் போடணும். அப்போதான் ரெண்டு பக்கமும் ஒண்ணா ஓடும். அப்போ போன்லே பேசினாளே ஒம்ம ஆத்துக்காரி, அவளை அனுப்பும்."

தளவாய் ரிசீவரைக் கையால் பொத்தினார். மனைவியைப் பார்த்தார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. "ஒன்னயக் கேக்காரு. செம்பூர்ல போய் உக்காரணுமாம். இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லிரட்டா?"

வாசிக்கத் தெரியாதுதான். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கிங்ஸ் சர்க்கிளுக்கு அப்பால் தனியாக பஸ் ஏறியதில்லை. இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

"எங்கிட்டக் குடுங்க," என்றாள்.

வாங்கினாள். "ஐயா, திங்கக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?"

கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பினாள். வடிவின் முகம் சுருங்கியிருந்தது. உதட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்து, பார்வையைத் தரையில் நட்டிருந்தாள். முருகம்மாளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். நான்கு மாதமாக அடுப்படியில் அவள் வைத்துக்கொண்டிருந்த முகம். அதை வடிவிடம் பார்க்க எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். பார்த்தபோது இனிக்கவில்லை.

"எட்டரைக்கா? சரிங்க," என்று போனை வைத்தாள்.

வடிவு மெதுவாக வந்து போனை மேஜையின் தன் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டாள். பிறகுதான் நிமிர்ந்து சிரித்தாள்.

"போயிட்டு வாங்க அக்கா. நீங்க அங்கருந்து என்ன சொன்னாலும், இங்க எழுதப்போறது நாந்தானே."